சம்மன் வந்தால் கதவைச் சாத்தலாமா?

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், ஆந்திர எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர் ஆரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் நெல் வயல்கள். இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரியும், அதை நம்பி வாழும் நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களும். நிலத்தை நம்பியவருக்கும் ஏரியை நம்பியவருக்கும் பணம் கையில் வரும் மாதங்கள் வேறு வேறு. கடன் வாங்கும் விதம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விதை, உரம், உழவுக் கூலி என்று அங்கே. வலை, படகுப் பழுது, இறால் வியாபாரியிடம் முன்பணம் என்று இங்கே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்ததைப் போல ஒரு மழை கொட்டித் தீர்த்தால் இருவருடைய தவணையும் ஒன்றாகவே தவறிப் போகிறது. ஓரிரு ஆண்டு கழித்துக் கோர்ட்டிலிருந்து ஒரு காகிதம் வருகிறது.

அந்தக் காகிதம் வரும் நாளில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றே. கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நிற்பார். வீட்டுக்காரர் கழனியில் இருப்பார், அல்லது ஏரியில் இருப்பார். "அவரு பாட்டுக்குப் போயிருக்காருங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். வாங்காவிட்டால் வழக்கே இல்லை என்ற எண்ணம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இது தவறான எண்ணம். வீட்டுக்காரர் இல்லாத வேளையில், அவருடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தினர், ஆணோ பெண்ணோ, வாங்கிக்கொண்டாலே சம்மன் சேர்ந்ததாகச் சட்டம் கொள்கிறது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். பதிவுத் தபாலில் வந்ததைத் திருப்பி அனுப்பினாலும் சேர்ந்ததாகவே கோர்ட்டு தீர்மானிக்கலாம். ஆகவே மறுப்பதால் மிஞ்சுவது ஒரே நஷ்டம்: காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது கடன்காரருக்குத் தெரியும், கடன்பட்டவருக்குத் தெரியாமல் போய்விடும்.

வராதவருக்கு என்ன நேரும்?

குறித்த நாளில் பிரதிவாதி கோர்ட்டுக்கு வராவிட்டால், சம்மன் சேர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, வாதி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். இதைத்தான் 'எக்ஸ்பார்ட்டி' என்றும் ஒருதலைத் தீர்ப்பு என்றும் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்புக்கு வலு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. இரு தரப்பையும் விசாரித்துக் கொடுத்த தீர்ப்பைப் போலவே இதையும் நிறைவேற்றலாம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

இது புதிய சங்கடம் அல்ல. 1875-ஆம் ஆண்டு மே மாதம் புனா மாவட்டத்தில் சுபா என்ற ஊரில் குடியானவர்கள் திரண்டு லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கைப்பற்றித் தீயிட்டார்கள். தக்காணக் கலகம் என்று சரித்திரம் அதைச் சொல்கிறது. குடியானவர் வராமலே கோர்ட்டில் தீர்ப்புகள் குவிந்தது அந்தக் கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1879-இல் வந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. கடன்பட்டவரைக் கோர்ட்டுக்கு வரவழைத்து விசாரிக்க வேண்டும், பத்திரத்தில் கண்ட தொகையோடு நிற்காமல் கடன் வளர்ந்த கதையைத் தொடக்கத்திலிருந்து ஆராய வேண்டும் என்று அது விதித்தது. இன்றைய அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அங்கே கடன் வசூல் வழக்குகளில் 70 சதவீதத்துக்கு மேல் பிரதிவாதி பதில் சொல்லாமலே முடிந்துபோவதாகப் பியூ அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நாட்டிலும் கோர்ட்டுக் காகிதத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது.

ஒருதலைத் தீர்ப்பை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே சான்று. அது கடன் வழக்கு அல்ல, சொத்து வழக்கு. ஆனால் பாடம் ஒன்றுதான். பிரதிவாதி வராததால் 1991 அக்டோபரில் ஒருதலைத் தீர்ப்பாயிற்று. அதை ரத்து செய்யும்படி போட்ட மனுவும், வக்கீல் கவனிக்காமல் விட்டதால் 1993-இல் தள்ளுபடியாயிற்று. கட்சிக்காரர் விழித்துக்கொண்டு மறுபடி மனுப் போட்டபோது 883 நாள் தாமதம். கீழ்க் கோர்ட்டு தாமதத்தை மன்னித்தது. சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. கடைசியில் 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செலவுத் தொகை கட்டும்படி நிபந்தனை போட்டு அவருக்கு வழி திறந்துவிட்டது. வழக்கில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவே. அதற்கு ஏழு ஆண்டு, டெல்லி வரை. வக்கீல் வைத்திருந்தவருக்கே இந்தக் கதி.

முப்பது நாள் கணக்கு

சம்மன் கைக்கு வந்ததும் முதல் வேலை, அதன் மேல் வந்த தேதியை எழுதிவைப்பது. சம்பாவுக்கு நாற்றங்காலில் விதை விட்ட நாளை எந்த விவசாயியும் மறப்பதில்லை. நாற்று முதிர்ந்தால் தூர் குறையும் என்பது தெரியும். இங்கேயும் அதே கணக்கு. சம்மன் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிரதிவாதி தம் பதிலை எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு எதிருரை அல்லது எதிர்வழக்குரை என்று பெயர். தகுந்த காரணம் காட்டினால் கோர்ட்டு 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்குப் பிறகும் மிகவும் இக்கட்டான நிலையில் கோர்ட்டு இரங்கலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த இரக்கத்தை நம்பி உட்கார்ந்திருப்பது, புயலுக்குப் பின் வரும் நிவாரணத்தை நம்பிப் பயிர் வைப்பது போன்றது.

சம்மனோடு பிராதின் நகல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் ஆஜராகி அதைக் கேட்டு வாங்க வேண்டும். 'சிவில் நடைமுறைச் சட்டம் 37-ஆம் கட்டளை' என்று சம்மனில் கண்டிருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. புரோ நோட்டு போன்ற எழுத்து ஆதாரம் உள்ள கடனுக்கு இந்தச் சுருக்க முறை உண்டு. அதில் 10 நாளுக்குள் ஆஜரானதைத் தெரிவிக்க வேண்டும். பிறகு எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டுத் தனி மனுவும் போட வேண்டும். இத்தகைய சம்மன் வந்தவர் அன்றைக்கே இலவசச் சட்ட உதவியை நாடுவது நல்லது.

வந்த காகிதம் எது என்று அடையாளம் காண்பதும் முக்கியம். கூட்டுறவுச் சங்கக் கடன் என்றால் அது சிவில் கோர்ட்டுக்கு வராமல், கூட்டுறவுச் சட்டப்படி பதிவாளர் அலுவலக விசாரணைக்குப் போகும். செக் திரும்பிய வழக்கு என்றால் அது குற்றவியல் கோர்ட்டு விவகாரம். அதில் நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கே எழாது. அந்த நோட்டீசைத் தூக்கி எறிவது பெரும் தவறு. வக்கீல் நோட்டீஸ் என்பது சம்மன் அல்ல. ஆயினும் அதற்கும் பதில் அனுப்பி, நகலும் தபால் ரசீதும் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

பிராதைப் படிக்கும் முறை

பொன்னேரி முன்சீப் கோர்ட்டில் ஒரு தாவா வந்திருப்பதாகக் கொள்ளலாம். 12-8-2022 அன்று ஒரு விவசாயி புரோ நோட்டு எழுதிக் கொடுத்து ரூ.60,000 வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் 2 வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். சரியாக ஓராண்டு கழித்து ரூ.20,000 கொடுத்தார். ரசீது வாங்கவில்லை. கடன்காரர் மூன்றாண்டு முடியும் தறுவாயில் வழக்குப் போட்டு, முதல் 60,000, வட்டி 43,200, ஆக ரூ.1,03,200 கேட்கிறார். இருபதாயிரத்தைப் பற்றிப் பிராதில் ஒரு சொல் இல்லை.

அந்தப் பணத்தை வரவு வைத்தால் கணக்கு என்ன ஆகிறது? முதல் ஆண்டு வட்டி 14,400. இருபதாயிரத்தில் அது போக மீதி 5,600 முதலில் கழிகிறது. நிற்கும் முதல் 54,400. அதற்கு இரண்டாண்டு வட்டி 26,112. மொத்தம் ரூ.80,512. பிராதில் கேட்டதைவிட ரூ.22,688 குறைவு. கோர்ட்டுக்குப் போகாத விவசாயிக்கு இந்த 22,688 போயே போய்விடும். ஒரு ஏக்கர் நெல்லுக்குக் கைக்கு வரும் மிச்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், பொன்னேரிக்குப் போய்வரும் ரயில் செலவு ஒன்றுமே இல்லை.

எதை எதைப் பார்க்க வேண்டும்? முதலில் தேதி. 'வேண்டும்போது தருகிறேன்' என்று எழுதிய புரோ நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தாவா போட வேண்டும். மூன்றாண்டு கடந்திருந்தால் நோட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பது அவசியம். இடையில் பணம் கட்டி, கட்டியவர் கையெழுத்தோடு வரவு எழுதப்பட்டிருந்தால் அந்த நாளிலிருந்து மறுபடி மூன்றாண்டு தொடங்கும். கெடு முடியப் போகிற சமயத்தில் 'ரூ.500 வரவு' என்று பின்னால் முளைக்கிற கையெழுத்துகளைக் கோர்ட்டுகள் நிறையவே கண்டிருக்கின்றன. நோட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கப் பிரதிவாதிக்கு உரிமை உண்டு. கொரோனா காலமான 15-3-2020 முதல் 28-2-2022 வரை உள்ள நாள்களை உச்ச நீதிமன்றம் காலவரைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. பழைய நோட்டுகளுக்கு இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்குக் கெடு பன்னிரண்டு ஆண்டு. அதற்கு மூன்றாண்டுக் கணக்குப் பொருந்தாது.

அடுத்தது தொகை. வாங்கியது எவ்வளவு, எழுதியது எவ்வளவு? முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். எண் திருத்தப்பட்டிருந்தால், தேதி மாற்றப்பட்டிருந்தால் அதுவும் முக்கியம். கடன்பட்டவர் சம்மதமில்லாமல் செய்த முக்கியமான திருத்தம் நோட்டையே செல்லாததாக்கிவிடும். வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் நிலைமை மட்டும் கடினம். ஸ்டாம்பு ஒட்டிய நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள அனுமதி கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்து தம்முடையது என்று ஆகிவிட்டால் பணம் வாங்கியதாகவும் அனுமானிக்கும். அந்த அனுமானத்தைச் சாட்சியம் கொண்டு உடைக்க முடியும். ஆனால் சுமை கடன்பட்டவர் தோளில்.

வட்டி மூன்றாவது. வட்டித் தொழில் செய்பவர்கள் வாங்கக்கூடிய வட்டிக்குத் தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு விதித்திருக்கிறது. அதற்கு மேல் வாங்குவதை 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 1938-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடனில் முதலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்று சொன்னது. பெரியவர்கள் சிலர் இன்னும் அதை மேற்கோள் காட்டுவதுண்டு. இன்றைய கடனுக்கு அந்த இரண்டு மடங்குக் கணக்கு உதவாது. வட்டி மிகையானது என்று எதிருரையில் வெளிப்படையாக எழுதிக் கேட்பதே வழி.

பதில் எழுதுவது எப்படி?

வக்கீல் இல்லாமல் தாமே ஆஜராகித் தம் வழக்கைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. எதிருரையைத் தமிழிலேயே எழுதலாம். கோர்ட்டுப் பெயர், அசல் வழக்கு எண், வாதி பெயர், பிரதிவாதி பெயர் ஆகியவற்றை மேலே எழுதி, பிராதில் பத்திகளுக்கு எண் இருப்பது போலப் பதிலையும் எண் போட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 'பிராதில் உள்ளது எல்லாம் பொய்' என்று ஒரே வரியில் எழுதினால் பயன் இல்லை. எந்தச் செய்தியைக் குறிப்பாக மறுக்கவில்லையோ அதை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே பத்தி பத்தியாகப் பதில் வேண்டும். மேலே சொன்ன விவசாயி இப்படி எழுதலாம்: "பிராதின் 3-ஆம் பத்தியில் கண்டபடி 12-8-2022-இல் ரூ.60,000 பெற்றதும் புரோ நோட்டு எழுதிக் கொடுத்ததும் உண்மை. 4-ஆம் பத்தியில், எந்தத் தொகையும் செலுத்தவில்லை என்று கூறியிருப்பதை மறுக்கிறேன். 12-8-2023 அன்று ரூ.20,000 வாதியிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். அதை வாதி வரவு வைக்கவில்லை. ஆகவே கேட்கும் தொகை சரியல்ல. வட்டி விகிதம் மிகையானது. வெள்ளத்தால் பயிர் சேதமானதால் ஒரே தவணையில் கட்ட இயலாத நிலையில் இருக்கிறேன். நிலுவையை அறுவடைக் காலத்தை ஒட்டித் தவணை முறையில் செலுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்."

காலவரை கடந்துவிட்டது என்றால் அதற்கும் தனிப் பத்தி வேண்டும். பிரதிவாதி சொல்லாவிட்டாலும் கெடு கடந்த தாவாவைத் தள்ளுவது கோர்ட்டின் கடமைதான். ஆனால் பின்பக்கத்து வரவுக் கையெழுத்து தம்முடையது அல்ல என்று பிரதிவாதி வந்து சொல்லாமல் கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?

முடிவில், இன்ன பத்தி முதல் இன்ன பத்தி வரை கூறியவை தாம் அறிந்தவரை உண்மை என்று உறுதிமொழி எழுதி, இடம், தேதி குறித்துக் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஆதரவாக ஒரு பிரமாணப் பத்திரமும் வேண்டும். வாதிக்கு ஒரு நகல், தம்மிடம் ஒரு நகல். நம்பியிருக்கும் ஆதாரங்களையும் அப்போதே பட்டியலிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு கொண்டுவந்தால் கோர்ட்டின் அனுமதி தேவைப்படும். ரசீது இல்லாதவர் சோர்ந்துவிட வேண்டியதில்லை. அன்றைக்கு வங்கியில் எடுத்த பணத்தின் பாஸ்புத்தகப் பதிவு, செல்போன் மூலம் அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கு விவரம், நெல் போட்ட சீட்டு, உடனிருந்த சாட்சி எல்லாம் பயன்படும். ஏரிப் பக்கத்தில் வியாபாரியிடம் பட்ட முன்பணத்துக்கு இறால் எடையிலேயே கழிக்கும் வழக்கம் உள்ள இடங்களில், அன்றன்றைய எடையையும் விலையையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது பெரும் பாதுகாப்பு. அந்தப் பழக்கம் மிகக் குறைவாகவே இருக்கிறது.

கையெழுத்து உண்மையாக இருக்க, 'என்னுடையது அல்ல' என்று எழுதச் சொல்லும் யோசனைக்காரர்கள் டீக்கடையில் கிடைப்பார்கள். அதைக் கேட்கக் கூடாது. கோர்ட்டே கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு பொய் வெளிப்பட்டால், கொடுத்த இருபதாயிரத்தைப் பற்றிய உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முழுக் கடனும் உண்மைதான் என்றால்?

அப்போதும் போகத்தான் வேண்டும். பணத் தாவாவில் தீர்ப்புச் சொல்லும் வேளையில், தகுந்த காரணம் இருந்தால் தவணை முறையில் கட்டும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். தீர்ப்பான பிறகு தவணை கேட்டால், கடன்காரர் சம்மதித்தால்தான் கிடைக்கும். அதற்கும் 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். ஆகத் தவணை கேட்க நல்ல நேரம் தீர்ப்புக்கு முன்பு, கேட்கும் இடம் கோர்ட்டு ஹால். சம்பா அறுவடை முடிந்து ஒரு தவணை, நவரை முடிந்து ஒரு தவணை என்று பயிர்க் காலத்தைக் காட்டிக் கேட்டால் நீதிபதிக்கும் காரணம் விளங்கும். ஒப்புக்கொள்ளும் தொகையில் ஒரு பகுதி கையில் இருந்தால் வழக்கு நடக்கும்போதே கோர்ட்டில் கட்டிவிடலாம். அது வாதிக்கு அறிவிக்கப்பட்ட நாள் முதல் அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. தீர்ப்புக்குப் பிந்திய நாள்களுக்கு, வியாபாரக் கடன் அல்லாதவற்றில், ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுவதற்கில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சமரசத்துக்கு லோக் அதாலத் நல்ல வழி. அங்கே தீர்ந்தால் வாதி கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவரும் இறங்கிவர இடம் உண்டு. ஆனால் அங்கே ஆகும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. கட்ட முடியாத தவணைக்கு அவசரப்பட்டுக் கையெழுத்திடலாகாது. பக்கத்தில் வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக்கொள்வது நல்லது. பள்ளியில் படிக்கும் மகளே போதும்.

ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டிருந்தால்

ஒருதலைத் தீர்ப்பு ஆன நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய அதே கோர்ட்டில் மனுப் போடலாம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். உடல்நலக் குறைவு போன்ற உண்மையான காரணத்தைச் சான்றோடு சொல்ல வேண்டும். 30 நாள் கடந்திருந்தால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் சொல்லித் தனி மனு வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இ-கோர்ட்ஸ் செல்போன் செயலியில் வழக்கு எண்ணைக் கொடுத்தே பார்க்கலாம்.

தீர்ப்பை நிறைவேற்ற ஜப்தி வந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றைத் தொடக்கூடாது. விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டும் என்று கோர்ட்டு கருதும் மாடுகள், விதை நெல் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும், அடமானம் வைக்காத வரையில், விலக்கு உண்டு. நிலத்துக்கு இந்த விலக்கு இல்லை. கைவினைத் தொழிலாளியின் கருவிகளைச் சட்டம் காப்பாற்றுகிறது. மீனவரின் வலையையும் படகையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே ஏரித் தொழிலாளர், வலை தம் தொழில் கருவி என்று மனுப் போட்டு வாதாட வேண்டியிருக்கும். தீர்ப்புக்கு முன்பே, விவசாயி கையில் உள்ள விளைபொருளை ஜப்தி செய்யக் கேட்க முடியாது என்பதும் சட்டமே.

ஜெயிலுக்குப் போக வேண்டிவரும் என்று மிரட்டுபவர்கள் உண்டு. பணக் கடனுக்காகப் பெண்களைச் சிறையில் வைக்கவே முடியாது. ஆண்கள் விஷயத்தில் பேங்க் ஆஃப் கொச்சின் தொடர்பான வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்ட வசதியில்லாத ஏழையை, கெட்ட எண்ணம் ஏதும் இல்லாதபோது, வெறும் கட்டாமைக்காகச் சிறைக்கு அனுப்புவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்பது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் வசதி இல்லை என்பதையும் நேரில் வந்துதான் காட்ட வேண்டும்.

யாரிடம் கேட்பது?

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு அரசு விதித்த வருமான வரம்புக்குள்ளும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். வட்ட அளவில் சட்டப் பணிகள் குழுவும், திருவள்ளூரில் மாவட்ட ஆணைக்குழுவும் இதற்கென இயங்குகின்றன. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். தாமே ஆஜராக முடிவு செய்தவரும், எழுதிய எதிருரையைத் தாக்கல் செய்யுமுன் அங்கே ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. போகும்போது சம்மன், பிராது நகல், ஆதார் அட்டை, நில ஆவணம், கட்டிய பணத்துக்கான சான்றுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

வாய்தா நாளில் காலையிலேயே போய்விட வேண்டும். ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரி. ரயிலை நம்பி நேரம் தவறினால் பெயர் கூப்பிட்டுப் போயிருக்கும். அடுத்த வாய்தா தேதியைக் கையோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பான பிறகு பணத்தைக் கடன்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது ஆபத்து. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்று மனு வரும்போது அந்தப் பணம் கணக்கில் சேராது. கோர்ட்டில் கட்ட வேண்டும். அல்லது வங்கி வழியாகக் கொடுத்துவிட்டு, 30 நாளுக்குள் அதைப் பதிவு செய்யும்படி கோர்ட்டில் மனுக் கொடுக்க வேண்டும்.